சுழல முடியாத பற்சக்கரத்துக்குப் பரிசு: ரெண்டர் போட்டி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். ஃப்ரீகேட் முதலான திறமூலக் கேட் (இயந்திரப் பாகங்களைக் கணினியில் அளவோடு வடிவமைக்கும்) மென்பொருள்களைப் பயன்படுத்துவோர் தமக்குள் நடத்திக்கொள்ளும் ரெண்டர் (முப்பரிமாண மாடலை ஒளிப்படம் போன்ற படமாக்கும்) போட்டிகளின் அமைப்பாளர்களுக்கும், அவற்றில் நடுவர்களாக அமர்வோருக்கும் இந்த மடலை எழுதுகிறேன். என் கோரிக்கை ஒன்றுதான் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நடத்தும் போட்டிகளில் படத்தை மட்டும் பெற்றுக்கொள்ளாமல், அது எந்த மாடலிலிருந்து பிறந்ததோ அதன் கணினிக் கோப்பையும் சேர்த்தே பெற்றுக்கொள்ளுங்கள். கோப்பைத் திறந்து பார்த்த பிறகே மதிப்பெண் இடுங்கள். முடிவு அறிவித்த பின் அந்தக் கோப்புகளை எல்லோரும் எடுத்தாளும்படி வெளியிடுங்கள்.

இந்த எண்ணம் எனக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நான் கலந்துகொண்ட ஒரு போட்டியில், மேல்மூடி கழற்றிய ஒரு பற்சக்கரப் பெட்டியின் படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. போட்டியின் பெயரையோ நடத்தியவர்களின் பெயரையோ இங்கே குறிப்பிடப் போவதில்லை. அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் நடத்தினார்கள். படம் உண்மையிலேயே அருமையாக இருந்தது. வார்ப்பிரும்பின் சொரசொரப்பும், பற்களின் மேல் மெல்லியதாகப் படர்ந்திருந்த எண்ணெயும், பக்கவாட்டு ஜன்னலிலிருந்து விழுவது போன்ற வெளிச்சமும் சேர்ந்து, யாரோ பட்டறையில் கேமராவோடு நின்று எடுத்த படம் என்றே எண்ண வைத்தன. நானும் அதற்குத்தான் வாக்களித்தேன். இரண்டு நாள் கழித்து அதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சக்கரங்கள் கூடும் இடத்தில் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் ஒன்றுக்குள் ஒன்று புதைந்து கிடந்தது கண்ணில் பட்டது. மாட்யூல் (பல்லின் அளவைக் குறிக்கும் எண்) 2 உள்ள 20 பல் சக்கரமும் 40 பல் சக்கரமும் கூட வேண்டுமானால் அவற்றின் மையங்களுக்கு இடையே சரியாக 60 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது பாலிடெக்னிக் மாணவருக்கும் தெரிந்த கணக்கு. அந்தப் பெட்டி சுழலவே முடியாது. படைத்தவரிடம் கேட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை: பெரிய சக்கரம் சட்டகத்துக்குள் அடங்காததால் அதைக் கொஞ்சம் உள்ளே தள்ளியதாகவும், படம்தானே கேட்டார்கள் என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார். அவர் சொன்னதில் தவறில்லை. விதிமுறை படத்தைத்தான் கேட்டிருந்தது. இயந்திரம் வரைவோர் நூற்றுக்கணக்கில் கூடியிருந்த ஓரிடத்தில், நான் உட்பட எல்லோரும் சேர்ந்து, ஓடாத இயந்திரம் ஒன்றுக்குப் பரிசு கொடுத்தோம்.

தோற்றவன் புலம்புகிறான் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக என் படைப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் அனுப்பியது ஒரு பெஞ்ச் வைஸ், அதாவது வேலைப்பொருளை இறுக்கிப் பிடிக்கும் மேசைப் பிடிப்பான். எங்கள் பட்டறை மேசையில் இருந்த பழைய வைஸைக் கழற்றி, 0.02 மில்லிமீட்டர் வரை அளக்கும் வெர்னியரால் பாகம் பாகமாக அளந்து வரைந்தேன். அதன் திருகுத்தண்டான ஸ்பிண்டிலின் சதுரப் புரியை வளையங்களாக அடுக்கி ஏமாற்றாமல் உண்மையான சுருள் வெட்டாகவே வெட்டினேன். ஆயினும் படம் கடைசி வரிசையில்தான் இடம் பெற்றது; அது நியாயமானது என்றே இன்றும் கருதுகிறேன். விளக்கு ஒன்றை நேர் எதிரே வைத்ததால் பொருள் தட்டையாகத் தெரிந்தது. அதைவிடப் பெரிய பிழை, விளிம்புகளை எல்லாம் கேட் மென்பொருள் கொடுத்த கூர்மையிலேயே விட்டுவிட்டதுதான். உலகில் எந்த வார்ப்புப் பாகத்துக்கும், எந்தக் கடைசல் பாகத்துக்கும் அரம் போன பிறகு கத்தி போன்ற விளிம்பு இருப்பதில்லை. சிறிதளவாவது மழுங்கியிருக்கும், அந்த மழுங்கலில்தான் ஒளி கோடாக நின்று மின்னும். ஒரு பொருள் கண்ணுக்கு உண்மையாகத் தெரிவதற்கு மெட்டீரியலைக் (பரப்பின் நிறம், பளபளப்பு முதலியவற்றைக்) காட்டிலும் இந்த மெல்லிய ஒளிக்கோடு முக்கியம் என்பதை அந்தத் தோல்விதான் கற்றுக்கொடுத்தது. ஆக, ஒளியமைப்பு தெரியாத மாடலருக்குப் பரிசு கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. படத்தின் அழகுக்கு மதிப்பெண் இருக்கட்டும்; ஆனால் கேட் ரெண்டர் போட்டி என்று பெயர் வைத்துவிட்டு, கேட் என்ற பாதியை எவரும் பார்க்காமலே முடிவு அறிவிப்பதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன்.

கேட் மாடலும் திரைப்படத்துக்கும் விளையாட்டுக்கும் செய்யப்படும் முப்பரிமாண மாடலும் ஒன்றல்ல என்பதை நீங்கள் அறிவீர்கள். இருந்தும் நடுவர் மேசையில் இந்த வேறுபாடு மறந்துபோகிறது. ஃப்ரீகேட்டில் ஓர் உருளை கணித அளவில் முழுமையான உருளை. ரெண்டர் இயந்திரத்துக்கு, அதாவது படத்தைக் கணக்கிட்டு வரையும் மென்பொருளுக்குப் போகும்போதுதான் அது சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டப்படுகிறது. எவ்வளவு நுணுக்கமாக வெட்டுவது என்பதை விலகல் என்ற எண் தீர்மானிக்கிறது. இதற்கு மென்பொருளே சில இயல்பு மதிப்புகளை வைத்திருக்கிறது. வேலை செய்யும்போது திரை வேகமாக நகர இவை போதும். இதே மதிப்புகளை வைத்துக்கொண்டு கேமராவை நெருக்கமாகக் கொண்டுபோனால், வட்டமான புஷ்ஷின் ஓரம் பலகோணமாகத் தெரியும். புதிதாக வருவோரின் படங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு குறையால்தான் பொய்யாகத் தெரிகின்றன என்பது என் அனுபவம். கோப்பு கையில் இருந்தால் நடுவர் ஒரு நிமிடத்தில் இதைக் கண்டுபிடித்து ஒரு வரியில் சொல்லிவிடலாம். படம் மட்டும் இருந்தால் ஏதோ சரியில்லை என்ற பொத்தாம்பொதுவான குறிப்பே கிடைக்கும். அதைப் படித்து எவரும் எதையும் திருத்திக்கொள்ள முடியாது.

புரி விஷயமும் இப்படித்தான். எம்8 போல்ட்டின் வழக்கமான புரியிடைவு 1.25 மில்லிமீட்டர். அதை உண்மைச் சுருளாக வெட்டினால் கோப்பு கனத்துப்போகும் என்பதால், பெரும்பாலோர் வளையங்களை அடுக்கியோ, புரி போலத் தெரியும் ஒரு படத்தை மேலே ஒட்டியோ முடித்துவிடுகிறார்கள். இருபது போல்ட்டுகள் தொலைவில் நிற்கும் காட்சியில் இது புத்திசாலித்தனம். வேலையிடத்தில் நானும் அப்படித்தான் செய்கிறேன். படத்தின் நடுவே ஒரே ஒரு திருகு நின்று, அதுவும் வளையங்களால் ஆனது என்றால் அது வேறு கதை. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் தீர்ப்பு நடுவரிடம் இருக்க வேண்டும், அதற்கான ஆதாரமும் அவர் முன் இருக்க வேண்டும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளின் ரெண்டர் இயந்திரமான சைக்கிள்ஸில் பெவல் என்றொரு வசதி இருப்பதை அறிவீர்கள்: மாடலில் விளிம்பு கூர்மையாகவே இருக்க, ரெண்டர் செய்யும் வேளையில் மட்டும் அது உருண்டிருப்பது போல ஒளியை வளைத்துக் காட்டும். இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு விளிம்புக்கும் யோசித்து ஃபில்லட் (உருண்ட விளிம்பு) கொடுத்த ஒருவரும், ஒரே எண்ணை எழுதிவிட்டு எல்லா விளிம்பையும் உருட்டிய ஒருவரும் ஒரே வேலையைச் செய்ததாகக் கணக்கிடக் கூடாது.

ரெண்டர் கலையின் வரலாற்றைப் பார்த்தாலும், கோப்பைக் கொடுத்தவர்களே அந்தத் துறையை வளர்த்தார்கள் என்பது தெரியும். 1975இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் தம் வீட்டுத் தேநீர்க் கெண்டியை வரைபடத்தாளில் வரைந்து, அதன் வளைபரப்புகளை எண்களாக மாற்றினார். அந்தக் கெண்டி இன்றைக்கும் ஏறக்குறைய எல்லா முப்பரிமாண மென்பொருளிலும் தலைகாட்டுவதற்குக் காரணம் அது அழகான கெண்டி என்பதல்ல. அந்த எண்களை அவர் எல்லோருக்கும் கிடைக்கும்படி கொடுத்ததுதான். அந்த முதல் தரவில் கெண்டிக்கு அடிப்பகுதியே இல்லை. தரவு கையில் இருந்ததால் பிறர் அதைக் கண்டார்கள், பிறகு அடிப்பகுதியைச் சேர்த்தார்கள். நியூவெல் ஒரு படத்தை மட்டும் வெளியிட்டிருந்தால், அடியில்லாத கெண்டி ஒன்று இருந்தது என்பதே எவருக்கும் தெரிந்திருக்காது. 1984இல் கார்னெல் பல்கலைக்கழகத்தார் இன்னொரு வகையில் நேர்மையாக இருந்தார்கள்: கணிப்பொறி வரைந்த பெட்டியைப் போலவே ஓர் உண்மைப் பெட்டியைச் செய்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். ஒளிப்படத்துக்கு நிகரானது என்று சொல்வதற்கு, எந்த ஒளிப்படத்துக்கு என்ற கேள்விக்கும் விடை வேண்டுமல்லவா? பொருள் கைவசம் உள்ளவர்கள் அதன் கைப்பேசிப் படம் ஒன்றையும் இணைத்தால் கூடுதல் மதிப்பெண் என்று நீங்கள் ஒரு விதி சேர்த்தால், அதை முதலில் வரவேற்பவன் நானாக இருப்பேன்.

இடையே ஒன்று நினைவுக்கு வருகிறது. கேட் துறையில் ஒளிக்கதிரைப் பின்தொடர்ந்து கணக்கிடும் முறை அழகுக்காக மட்டும் வளரவில்லை. அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில், கணினி வலையமைப்பின் இணைப்பைச் சோதிக்கும் பிங் கட்டளையை எழுதிய அதே மைக் முஸ் 1979இல் தொடங்கிய பிஆர்எல்-கேட் மென்பொருளில், ஒரு வண்டிக்குள் கதிர் ஒன்றைச் செலுத்தினால் அது எந்தெந்தப் பாகத்தை எவ்வளவு தடிமனில் கடக்கிறது என்று அறிவதற்கே கதிர்க் கணக்கு பயன்பட்டது. படம் பார்ப்பதற்கு நன்றாக இருப்பது அங்கே உபரி. மாடல் சரியாக இருப்பதே உயிர். அந்த மென்பொருளும் 2004 முதல் திறமூலமாகக் கிடைக்கிறது என்பதால், நம் சமூகத்தின் முன்னோர் வரிசையில் அதற்கும் இடமுண்டு.

விலை உயர்ந்த மென்பொருள்களைச் சுற்றி நடக்கும் போட்டிகளில் கோப்பைக் கேட்பது கடினம். நடுவர் ஒருவரிடம் உள்ள மென்பொருள் இன்னொருவரிடம் இருக்காது. பழைய பதிப்பில் புதிய கோப்பு திறக்காது. கேட் மென்பொருள்களுக்குப் பொதுவான ஸ்டெப் கோப்பாக மாற்றினால் வடிவம் வருமே தவிர, அது எப்படி உருவானது என்ற வரலாறு வராது. நமக்கு அந்தத் தடை இல்லை. ஃப்ரீகேட் கோப்பைத் திறக்கத் தேவையான மென்பொருளை எந்த நடுவரும் பைசா செலவின்றி இறக்கிக்கொள்ளலாம். கோப்புக்குள் ஒவ்வொரு வரைவும் (ஸ்கெட்ச்), அதன் அளவுகளும், எந்த வரிசையில் எது வெட்டப்பட்டது என்பதும் கிளை கிளையான பட்டியலாக நிற்கின்றன. ஃப்ரீகேட்டின் ரெண்டர் பணிமேடையை (வொர்க்பெஞ்ச்) பயன்படுத்தியிருந்தால் கேமரா, விளக்கு, மெட்டீரியல் எல்லாமே அதே கோப்பில் இருக்கும். சைக்கிள்ஸ், லக்ஸ்கோர், பவ்ரே, ஆப்பிள்சீட் என எந்த இயந்திரத்துக்கு அனுப்பினார் என்பதையும் பார்க்கலாம். பிளெண்டருக்குக் கொண்டுபோய் ரெண்டர் செய்தவர் அந்தக் காட்சிக் கோப்பையும் சேர்த்து அனுப்ப வேண்டியதுதான். திறமூலம் நமக்குத் தந்திருக்கும் இந்த வாய்ப்பைப் பயன்படுத்தாமல், மற்றவர்கள் வேறு வழியின்றி வைத்துக்கொண்ட விதிமுறைகளை நாம் ஏன் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

செயற்கை நுண்ணறிவுப் படங்கள் பரவிவிட்ட இந்தக் காலத்தில் இது விருப்பத்தைப் பொறுத்த விஷயமாகவும் இல்லை. கேட் திரையின் படம் ஒன்றைக் கொடுத்து ஒளிப்படம் போல மாற்றித் தா என்றால் சில நொடிகளில் மாற்றித் தரும் கருவிகள் உள்ளன. நான் ஒரு ஃபிளேஞ்சை (குழாய்களை இணைக்கும் வட்டத் தட்டை) வைத்துச் சோதித்தேன். வட்டத்தில் ஆறு துளைகள் உள்ள என் ஃபிளேஞ்ச், பளபளப்பான துருப்பிடிக்காத எஃகில், ஏழு துளைகளோடு திரும்பி வந்தது; துளைகளுக்கு இடையே இருந்த இடைவெளிகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அழகில் குறையே இல்லை. அதைப் போட்டிக்கு அனுப்பியிருந்தால் என் வைஸைவிட முன்னுக்கு வந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இத்தகைய படங்களைத் தடை செய்கிறோம் என்று ஒரு வரி எழுதிவிட்டு, படத்தை உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்க முயல்வது வீண்வேலை. நேர்மையான ஒருவர் மேல் பழி விழும் ஆபத்தும் அதில் உண்டு. மாடல் கோப்பும், அதே கேமராவிலிருந்து எடுத்த மெட்டீரியல் இல்லாத சாம்பல்நிறப் படம் ஒன்றும் இருந்தால், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாலே போதும். எவரையும் சந்தேகிக்கத் தேவையில்லை.

கணினி வசதியைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. ஒளிப்பாதைகளைக் குருட்டாம்போக்கில் பலமுறை செலுத்திச் சராசரி எடுக்கும் முறையை ஜேம்ஸ் கஜியா 1986இல் எழுதிய நாளிலிருந்தே அதற்கு ஒரு சாபம் உண்டு: படத்தில் தெரியும் புள்ளி இரைச்சலைப் பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு கணக்கிட வேண்டும், கால்வாசியாக்கப் பதினாறு மடங்கு. படத்தின் அளவை 1920க்கு 1080 என்பதிலிருந்து 3840க்கு 2160 ஆக உயர்த்தினால் அங்கே இன்னொரு நான்கு மடங்கு சேரும். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ளவர் ஒரு மணி நேரத்தில் முடிப்பதை, கல்லூரியில் கொடுத்த மடிக்கணினியை வைத்திருக்கும் மாணவர் இரவு முழுதும் விசிறி இரைய விட்டு, காலையில் மின்வெட்டில் இழக்கிறார். ஆகவே பட அளவுக்கு 1920க்கு 1080 என்ற மேல்வரம்பு வையுங்கள். இரைச்சல் நீக்கியைத் தயங்காமல் அனுமதியுங்கள். இன்டெல் இலவசமாக வெளியிட்டிருக்கும் இரைச்சல் நீக்கி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியிலும் ஓடும். நுண்ணிய கீறல்களையும் எழுத்துகளையும் அது சில சமயம் மழுக்கிவிடும் என்பது உண்மைதான். அந்த இழப்பைவிட, பணமுள்ளவர் மட்டுமே வெல்லும் போட்டி பெரிய இழப்பு. கோப்பு கையில் இருந்தால், வென்ற படத்தை நீங்களே அதிக நேரம் ஓட்டிச் சுத்தமாக எடுத்து வெளியிடவும் வழி உண்டு.

வாக்கெடுப்பு முறையைப் பற்றி ஒரு சொல். 1990களின் நடுவில் தொடங்கிச் சுமார் பத்தாண்டுகள் நடந்த இணையக் கதிர்த்தட (ஒளிக்கதிரைப் பின்தொடர்ந்து படம் வரையும்) போட்டியில், ஒவ்வொரு படத்தோடும் அது எப்படிச் செய்யப்பட்டது என்று விளக்கும் உரைக்கோப்பு ஒன்றையும் கட்டாயமாகக் கேட்டார்கள். கலை, தொழில்நுட்பம், கருத்து என மூன்று தனித்தனி மதிப்பெண்களும் இருந்தன. பழைய முறை என்று ஒதுக்காமல் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இன்றைய நம் வாக்கெடுப்பில் பெரும்பாலோர் கைப்பேசியில் கட்டைவிரல் அளவுப் படத்தைப் பார்த்துவிட்டு விருப்பத்தை அழுத்துகிறார்கள். அந்த அளவில் இருண்ட பின்னணியும் ஆரஞ்சு வெளிச்சமும் கொண்ட படமே எப்போதும் வெல்லும். பொது வாக்கு இருக்கட்டும். அதோடு, இயந்திரம் தெரிந்த இரண்டு மூன்று பேர் கோப்பைத் திறந்து பார்த்து இடும் மதிப்பெண்ணுக்குச் சரிபாதி எடை கொடுங்கள். சுற்றுச்சூழல் ஒளிக்கான எச்டிஆர்ஐ படம், மர மேசையின் டெக்ஸ்சர், நூலகத்திலிருந்து எடுத்த பேரிங், போல்ட் ஆகியவற்றை எங்கிருந்து பெற்றார் என்று படைப்பாளர் எழுதிவிடட்டும். கடன் வாங்குவதில் குற்றமில்லை. பேரிங்கை ஒவ்வொருவரும் புதிதாக வரைய வேண்டும் என்று சொல்வது அறிவீனம். கடனைச் சொல்லாமல் விடுவதுதான் குறை.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளை யோசித்துப் பார்த்தேன். கோப்பைக் கொடுத்தால் உழைப்பு திருடு போகும் என்ற அச்சம் முதலாவது. பெயர் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனையுள்ள கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இதற்குப் போதுமான காப்பு என்று நினைக்கிறேன். வணிகப் பயன்பாட்டை விரும்பாதவர் அதற்கான உரிமத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அலுவலகத்தில் வரைந்த மாடல் என்பதால் கொடுக்க இயலாது என்பார்கள் சிலர். கோயம்புத்தூரில் பம்ப் வரையும் எங்களைப் போன்றோருக்கு இது அன்றாடச் சிக்கல். வாடிக்கையாளரின் கேசிங்கும் (பம்பின் உறை) இம்பெல்லரும் (உள்ளே சுழலும் சக்கரம்) படமாகக்கூட வெளியே போகக் கூடாதவை. கோப்பைக் கேட்கும் விதி இருந்தால் அத்தகையவை போட்டிக்கு வருவதே நின்றுவிடும், அது எல்லோருக்கும் நல்லது. நடுவர்களுக்கு வேலை கூடிவிடும் என்பது மூன்றாவது மறுப்பு. இதில் நியாயம் உண்டு. பொது வாக்கில் முன்னுக்கு வந்த பத்துப் படைப்புகளின் கோப்புகளை மட்டும் திறந்து பார்த்தால் ஒரு சனிக்கிழமையில் முடிந்துவிடும். ஆள் குறைந்தால் என்னையும் கூப்பிடுங்கள், அந்த ஆண்டு நான் போட்டியிடாமல் இருந்துகொள்கிறேன்.

பரிசுத் தொகையைப் பற்றி எனக்குக் கருத்து எதுவும் இல்லை. இந்தப் போட்டிகளில் அதற்காக எவரும் வருவதாகத் தெரியவில்லை.

அந்த வைஸை விட்ட இடத்திலிருந்து மீண்டும் எடுத்திருக்கிறேன். விளிம்புகளுக்கு எல்லாம் அளந்து ஃபில்லட் கொடுத்தாயிற்று, விளக்கைப் பக்கவாட்டுக்கு நகர்த்தியாயிற்று. கைப்பிடியின் குமிழ் தேய்ந்திருக்கும் விதத்தை மட்டும் இன்னும் சரியாகப் பிடிக்க முடியவில்லை. உங்கள் அடுத்த அறிவிப்பில் படத்துக்கு ஓர் இடமும் கோப்புக்கு ஓர் இடமும் இருக்குமானால், இரண்டையும் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
கோயம்புத்தூரிலிருந்து ஒரு இயந்திர வரைவாளர்